ஏழாம் பந்தி

காலிமுகத்திடலைப் பார்த்த ஹோட்டல், மூன்றாம் மாடி.
கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் ஷெரோமியும்
இருபது நிமிடத்துக்கொருமுறை வாய் மாற்றிக்கொள்கிறோம்.
மண்டபத்தில் பதினேழு பாகை.
சாரித் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு
சூடாகும் பூமியைத் தமிழாக்குகிறேன்.

வடதுருவத்துக்குக் கிட்டிய நாட்டிலிருந்து திரு. லெய்னோ.
மெதுவாகப் பேசும் மனிதர். இப்படிப்பட்டவர்களுக்கு
எங்கள் தொழிலில் தனியாக ஒரு சொர்க்கம் உண்டு.
அவருடைய ஊரில் தெருவுக்கடியில் குழாய் ஓடுகிறதாம்.
வீடு வீடாய் வெந்நீர் போய் அறைகளைச் சூடாக்குமாம்.
நிலக்கரி அடுப்பை அணைத்துவிட்டு இப்போது
குளிர்ந்த கடலிலிருந்து சூட்டைப் பிழிந்தெடுக்கிறார்களாம்.

'வெப்பமூட்டல்' என்கிறேன் ஒலிவாங்கியில்.
அகராதியில் இருந்த சொல், என் வாயில் இருந்ததில்லை.
நாற்பத்திரண்டு வருடக் கொழும்பில்
பழைய கறியைச் சூடாக்கியிருக்கிறேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தண்ணீரை.
வீட்டையா?

பதினொரு மணியிலிருந்து ஏழாம் பந்தி.
'வெப்பமூட்டல் மற்றும் [குளிரூட்டல்]'.
அந்தச் சதுர அடைப்பை எடுப்பதா விடுவதா.
எங்கள் ஆணையில் குளிர் இல்லை என்கிறது ஒரு நாடு.
நிதியிலும் இல்லை என்கிறது அதற்குப் பக்கத்து நாடு.
எங்கள் அமைச்சின் திருமதி கல்ஹேன எழும்பி,
"இயந்திரம் ஒன்றுதான் ஐயா.
நீங்கள் வெளிச்சூட்டை உள்ளே இழுக்கிறீர்கள்,
நாங்கள் உள்சூட்டை வெளியே தள்ளுகிறோம்.
முகம் மட்டும் மற்றப் பக்கம்."

தள்ளிய சூடு எங்கே போகிறது என்று
யாரும் கேட்கவில்லை.
தேநீர் இடைவேளையில் நான் கண்டேன்:
ஹோட்டலின் பின்சந்தில் பெட்டி பெட்டியாய் முதுகுகள்,
எல்லாம் மூச்சு விடுகின்றன.
முச்சக்கரவண்டிக்காரர்கள் தரிப்பிடத்தை
எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னேரம் பொதுமக்கள் தரப்புக்கு நாலு நிமிடம்.
ரிஸ்வியா, தெமட்டகொடை அடுக்குமாடி, பதின்மூன்றாம் தட்டு.
எழுதி வந்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டுப் பேசினாள்.
"பகல்ல குடிச்ச வெயில செவரு
ராவு பதினொண்டுக்குத்தான் துப்பத் தொடங்குற.
ஜன்னல் ஒரு பக்கந்தான். ஃபேன் போட்டா
அதே காத்துத்தான் சுத்துற. பில்லுக்குப் பயந்து அதையும் நிப்பாட்டுற.
புள்ளைங்க படிக்கட்டுல படுக்குற.
இதச் சூடுண்டு எழுதாதீங்க.
புழுக்கம்."

ஒரு சொல்.
ஆங்கிலத்துக்கு என் முறை.
ஈரம் என்றால் மழை நினைவு வரும்.
வெப்பம் வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள்.
நெல்லை அவித்தால் புழுங்கல், மனசும் புழுங்கும்,
மூடிய பானைக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே வேர்.
மூன்று செக்கன். எங்கள் தொழிலில் அது ஒரு பள்ளம்.
லெய்னோ காதுக்கருவியைத் தட்டிப் பார்க்கிறார்.
ஷெரோமியின் விரல் என் பொத்தானை நோக்கி வருகிறது.

ஏதோ சொன்னேன். நாலைந்து சொல்.
லெய்னோ குனிந்து எழுதினார்;
நான் சொன்னதையா, நான் விட்டதையா, தெரியாது.

ஆறு மணிக்கு முடிவு வந்தது.
'மற்றும்' தப்பியது.
அடைப்பு அடுத்த வருடத்துக்கு, வேறொரு நகரத்துக்கு.
அங்கே பனி பெய்யுமாம். கோட்டு வாங்க வேண்டும் என்று
திருமதி கல்ஹேன யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.
கூட்டக் குறிப்பு, பக்கம் பத்தொன்பது:
'தெமட்டகொடைப் பிரதிநிதி: [ஒலி தெளிவில்லை].'

வவுச்சரில் கையெழுத்திட்டு வெளியே வந்தேன்.
கண்ணாடிக் கதவு தாண்டியதும் மூக்குக்கண்ணாடி
ஒரேயடியாய் மங்கியது. கடல் இருந்தது, காற்றில்லை.
தலைப்பைத் தோளிலிருந்து இறக்கினேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் "எங்க மிஸ்?" என்றான்.
வெள்ளவத்தைக்குப் போக வேண்டியவள்
தெமட்டகொடை என்றேன்,
பிறகு திருத்தினேன்.